சித்தி போய்விட்டு வந்த நேரங்கள்

மேலகரத்தில் என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த உங்களுக்கு அந்த வருஷத்துச் சீசன் தண்ணீரால்தான் நினைவிருக்கும். குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. இரண்டு நாள் யாரையும் குளிக்க விடவில்லை. நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் விருந்தாளிகள் நிரம்பி, படுக்க இடமில்லாமல், பகலில் பெஞ்சில் தூங்கி விழுந்தோம். எனக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு வாரம் லீவு லெட்டர் வந்ததே, அதுகூடச் சிலருக்கு நினைவிருக்கலாம்.

எனக்கு மஞ்சள் காமாலை இல்லை. சித்திக்கு என்ன ஆயிற்று என்று பிறகு நீங்கள் கேட்டபோதெல்லாம், "காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சு" என்று சொன்னேன். அது எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்த வாக்கியம். அதுவும் உண்மை இல்லை. உங்களில் சிலர் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கிற வயதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை, பதினோரு வயது இளையவள். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி மேலகரம் வந்தபோது சித்தியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். எங்கள் முன்னறையில் ஜன்னலோரம் சித்தியின் தையல் மெஷின் இருந்தது. தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தது அவள்தான். நான் அதன் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த மிதிச் சத்தம் எனக்குக் கடிகாரச் சத்தம் போல. நின்றால்தான் கவனிப்பேன்.

சில நாள் அது நடுவில் நிற்கும். அதற்குச் சற்று முன்னால் சித்தி மூக்கைச் சுளித்து, "பால் கருகுது பாரு" என்பாள். அடுப்பில் பாலே இருக்காது. பிறகு கால் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. வாய் எதையோ சப்புக்கொட்டும். வலது கை துணியின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு நிமிஷம், அதிகம் போனால் இரண்டு. பிறகு தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல ஊசியையும் துணியையும் மாறி மாறிப் பார்ப்பாள். கடைசியாக என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஏட்டி, எங்க போயிட்டு வந்தேன்? கடையநல்லூரா, கொல்லமா?"

"தெரியல சித்தி. ஒரு நிமிஷம் இருபது செகண்டு."

"அப்ப பக்கத்துலதான். பஸ் ஸ்டாப்பக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்."

புளியறை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அவளுக்கு வைத்தியம் நடந்தது. இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று அம்மாதான் அங்கே ஏற்பாடு செய்திருந்தாள். அந்த டாக்டர் பாதி மலையாளத்தில் பேசுவார். ஒரு தடவை நானும் கூடப் போனபோது, நான் அப்பாவின் பழைய வாட்சைக் கையில் கட்டியிருந்ததைப் பார்த்து, "மோளே, நீ எழுதிக்கோ. எத்தர மணி, எத்தர நேரம், கை என்ன செய்தது" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பதவி அதுவரை யாரும் கொடுத்ததில்லை. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். தேதி, மணி, எவ்வளவு நேரம், எந்தக் கை, முன்னால் பால் வாசம் வந்ததா, திரும்பி வந்ததும் முதலில் சொன்ன வார்த்தை. கடைசிக் கட்டம் டாக்டர் கேட்காதது. நானே சேர்த்தது.

சித்தி காலையில் ஒன்றும் சாயங்காலம் இரண்டுமாகச் சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிட்டாள். ஒழுங்காகச் சாப்பிட்ட மாதங்களில் என் நோட்டில் ஒரு பக்கம்கூட நிறையாது. கை கால் வெட்டி விழுந்தது என்பது அவள் வாழ்க்கையில் இரண்டே தடவை. இரண்டும் வைத்தியம் தொடங்குவதற்கு முன்பு.

இன்று நான் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுக்கிறேன். நாடா வைத்து மண்டையை அளந்து, இருபத்தொரு இடத்தில் பசை தடவி ஒயர் ஒட்டுகிற வேலை. மூளையின் செல்கள் ஒன்றோடொன்று மிகச் சிறிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பேசுவது போலத்தான் சாதாரணமாக இருக்கும். திடீரென்று ஓர் இடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கத்த ஆரம்பித்தால் அது வலிப்பு. கத்துகிற இடம் எதுவோ அதைப் பொறுத்து வெளியே தெரிவது மாறும். சித்திக்கு அது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், காதுக்கு மேலே. வாசனையும் ஞாபகமும் குடியிருக்கிற பகுதி. அதனால்தான் இல்லாத பால் கருகியது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சித்தி போவாள், வருவாள், மாத்திரை சாப்பிட்டால் குறைவாகப் போவாள்.

அந்த வைகாசியில் சித்திக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை சங்கரன்கோவில் பக்கம் கரண்ட் ஆபீஸில் வேலை. பெண் பார்க்க வந்து போனதும் அம்மா, "பிடிச்சிருக்காட்டி?" என்று கேட்டாள். சித்தி, "அவரு சட்டைப் பாக்கெட்டுல தையல் விட்டுருக்கு. யாரும் கவனிக்கல போல" என்றாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆனி கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். மூட்டுவலியாம். ஒரு வாரம் அருவியில் நின்றால் கேட்குமாம். மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். "ஒங்க வீடு அங்கன இருக்கும்போது எங்களுக்கு லாட்ஜு எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

மேலகரத்தில் இருந்துகொண்டு சீசனுக்கு வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததல்ல. தூரத்துச் சொந்தத்தையே சொல்ல முடியாது, சம்பந்தி வீட்டையா சொல்வது? அம்மா, "தாராளமா வாங்க மயினி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு நாள். ஒரே குளியலறை, ஒரே அலமாரி, ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை.

குற்றாலத்தில் அப்பாவுக்குச் சீசன் கடை உண்டு. சிப்ஸ், துண்டு, சோப்பு. பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அம்மா அவரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டிருக்கிறாள். "ஏழு நாள் விடாம அருவியில தலை கொடுத்தாப் போதும் தாயி. மேல எத்தனை மூலிகை, அம்புட்டையும் கழுவிக்கிட்டுல்லா தண்ணி வருது. பித்தம் இறங்கிரும். மாத்திரையும் மண்ணும் எதுக்கு?" என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அம்மா அதை நம்பினாள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அந்த வாரம் அவளுக்கு நம்புவதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

"ஒரு வாரம்தான்" என்றாள் அம்மா. "காலையில அருவி. மாத்திரையை நிறுத்திருவோம். அவங்க போனதும் பாத்துக்கிடலாம்."

அப்பா, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்றார்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. அவருக்கென்ன, அவரு வீட்டுப் பிள்ளையா?"

சித்தி மெஷினில் இருந்தபடியே, "நானே மாப்ளைகிட்டச் சொல்லிருதேன்க்கா" என்றாள். "மாத்திரை திங்கதுக்கு எதுக்குக் களவாணி மாதிரி ஒளியணும்?"

"நீ வாயைத் தெற. அன்னைக்கே நிச்சயத் தட்டு திரும்பி வரும். இவளையும் வச்சுக்கிட்டு" - இவள் என்றது என்னை - "என் வீட்டுல எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். "சரி. ஒரு வாரம்தான" என்றாள். அவள் சம்மதித்தது எனக்காக என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

சனிக்கிழமை மாத்திரை டப்பா அப்பாவின் கடைக்குப் போயிற்று. என் நோட்டு வெந்நீர் அடுப்புக்குள் போயிற்று. நான் அழுததற்கு அம்மா அடிக்கவில்லை. தலையைத் தடவி, "சித்தி கல்யாணம் முக்கியமா, நோட்டு முக்கியமாட்டி?" என்று கேட்டாள். எனக்கு ஒரு வேலையும் கொடுத்தாள். சித்தியை விட்டு நகரக் கூடாது. அவள் போகிற மாதிரி இருந்தால் எதையாவது கீழே போட்டு எல்லோரையும் திருப்ப வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போன மஞ்சள் காமாலை லெட்டர் அதற்காகத்தான்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல மனிதர்கள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா வாய் ஓயாமல் பேசுவார். பையில் பாதி மாத்திரை அட்டைகள். தங்கை கல்லூரியில் படித்தாள். வந்த அன்றே சித்தியிடம் அளவு கொடுத்து, "மதினி, கழுத்து மட்டும் இப்படி வளைச்சு வையிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தினமும் விடிந்ததும் அருவி. பெண்கள் பக்கம் வழுக்குப் பாறையில் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்தபடி நான் நிற்பேன். தண்ணீர் முதுகில் கல் கல்லாக விழும். காது அடைத்துவிடும். புதன்கிழமை தண்ணீருக்குள்ளேயே அவள் கை தளர்ந்து, என் பாவாடை ஓரத்தை நீவத் தொடங்கியது. அருவிக்கடியில் எதைக் கீழே போடுவது? இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் தங்கை வியந்து போனாள்.

"அம்மா, பாத்தியா? எல்லாரும் தலையை நீட்டிட்டு ஓடி வாராங்க. மதினி செலை மாதிரி நிக்கா. மூச்சு முட்டலியா மதினி?"

"பழகிட்டு" என்றாள் சித்தி. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

வீட்டில் நான் இரண்டு டம்ளர், ஒரு பவுடர் டப்பா, ஒரு முறம் கீழே போட்டேன். "இந்தப் பிள்ளைக்குக் கையில எலும்பே இல்லையோ" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். இன்னொரு நாள், "ஏட்டி, ஒங்க சித்தி வாய்க்குள்ள என்ன போட்டு மெல்லுதா? பாக்கா?" என்று கேட்டார். "பபிள்கம்" என்றேன்.

நோட்டு எரிந்துவிட்டாலும் எனக்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்தேன். ஞாயிறு ஒன்று. திங்கள் ஒன்று. செவ்வாய் மூன்று. புதன் மூன்று. வியாழன் ஐந்து. வெள்ளி ஒன்பது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, இன்னைக்கு ஒன்பது."

"பைய பேசு."

"நேத்து அஞ்சுதாம்மா. அதுக்கு முன்னாடி மூணு."

அம்மா எண்ணெயைப் பார்த்தபடி நின்றாள். "ஞாயித்துக்கிழமை போயிருவாங்கட்டி. இன்னும் ரெண்டே நாளு" என்றாள். வெந்த வடையை எடுக்காமலே அடுத்ததைத் தட்டிப் போட்டாள். என் கோடுகளை அவள் புரிந்துகொள்ளாமல் இல்லை. புரிந்துதான் இருந்தது. இன்று என் முன்னால் உட்காருகிற ஒவ்வொரு தாயிடமும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து திரும்பும் என்று சொல்கிறேன். அதை எனக்கு எந்தப் புத்தகமும் முதலில் சொல்லித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அம்மாவையும் தங்கையையும் அழைத்துப் போக வந்தார். எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்து முடித்து, பழக்கடைகள் இருக்கிற பாதையில் நடந்தபோது அம்மா மற்றவர்களை முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள், இவர்கள் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று. நடுவில் நான் மட்டும். அவர் மங்குஸ்தான் வாங்கி, ஓட்டை உடைத்து ஒன்றைச் சித்திக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்தார். அவருடைய சட்டைப் பாக்கெட் இப்போது தைத்திருந்தது. கோணல் தையல். சித்தி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லுங்க."

"கல்யாணத்துக்கு முந்தி ஒங்களுக்குத் தெரியணும். நான் தெனமும்..."

அங்கேயே நின்றுவிட்டது. வாய் சப்புக்கொட்டியது. வலது கை சேலை ஓரத்தை நீவியது. மங்குஸ்தான் சாறு கறையாக இறங்கியது. என்னிடம் கீழே போட ஒரு மங்குஸ்தான் மட்டும் இருந்தது. நான் போடவில்லை. அவர் பார்க்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அவர் பார்க்கவில்லை. அவள் கூச்சத்தில் திணறுகிறாள் என்று நினைத்து, மரியாதையாக முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வினாடி.

சித்தி திரும்பி வந்தாள். கையைப் பார்த்தாள். "இது எப்ப வாங்குனோம்?" என்று கேட்டாள். அவர் வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று அவளும் சிரித்தாள். சொல்ல வந்தது அவளிடம் இல்லை. அது போய்விட்டது. கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.

அவர் குனிந்து என்னிடம் கேட்டார். "ஒங்க சித்தி என்னமோ சொல்ல வந்தாங்களே. தெனமும்னு ஆரம்பிச்சாங்க. ஒனக்குத் தெரியுமாம்மா?"

எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தின் மீதி என் வாயில் இருந்தது. இருபதடி முன்னால் அம்மா நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தெனமும் ஒங்களையே நெனைச்சுக்கிட்டு இருப்பாங்களாம்" என்றேன். "சொல்லுததுக்கு வெக்கம்."

அவர் முகம் சிவந்துபோயிற்று. காது வரை. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் அதுவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே அவர்கள் பஸ் ஏறினார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்மா வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, "என் ராசாத்தி, காப்பாத்திட்ட" என்றாள். கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அப்பா வரும்போது டப்பாவை மறந்துவிட்டார். "எட்டு நாளு போயாச்சு. காலையில கொண்டாந்தாப் போச்சு" என்றாள் அம்மா.

திங்கள் காலை சித்தி மாப்பிள்ளையின் தங்கைக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். "பால் கருகுது பாரு" என்றாள். அன்று உண்மையிலேயே அடுப்பில் பால் இருந்தது. அதனால் நான் அடுக்களைக்கு ஓடினேன். பால் கருகவில்லை. பொங்கக்கூட இல்லை. திரும்பி வந்தபோது நாற்காலி சாய்ந்து கிடந்தது. சித்தி தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாட்சைப் பார்த்தேன். எட்டு மணி பத்து.

பக்கத்து வீட்டு அத்தை சாவிக்கொத்தோடு ஓடிவந்து சித்தியின் கையில் திணித்தாள். "இரும்பு பட்டா நின்னுரும்." நான்கு நிமிஷத்தில் நின்றது. "பாத்தியா, நின்னுட்டு" என்றார்கள். ஆனால் சித்தி கண் திறக்கவில்லை. மறுபடி தொடங்கியது. நின்றது. கண் திறக்காமலே மறுபடி. சாவியும் நிற்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று இன்று சொல்வேன். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தாண்டினாலோ நினைவு வராமல் அடுத்தது தொடங்கினாலோ பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு.

வாடகைக் கார் வந்தது. டிரைவர், "தென்காசிக்குத்தானக்கா?" என்று வண்டியைத் திருப்பினார். பத்து நிமிஷத் தூரம்.

"வேண்டாம்" என்றாள் அம்மா. "செங்கோட்டை ரோட்டுல விடுங்க. புளியறை தாண்டணும். எங்க டாக்டர் அங்கனதான் இருக்காரு."

அது பாதிக் காரணம். மாப்பிள்ளையின் பெரியப்பா மகள் தென்காசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இது மீதிப் பாதி.

சித்தியின் தலை என் மடியில் இருந்தது. புளியறையில் செக்போஸ்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. வைக்கோல், கோழி, மூட்டை மூட்டையாகக் காய்கறி. இரண்டு லாரிக்கு நடுவில் எங்கள் கார். ரோட்டோரக் கடையில் பரோட்டா தட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் திரும்பினார்.

"அக்கா, திருப்பிரட்டுமா? தென்காசிக்கு இப்பவும் முக்கா மணி நேரத்துல போயிரலாம்."

"போங்கண்ணே. இந்தா நகருதுல்லா."

ஆரியங்காவு பக்கத்தில் இன்னொரு தடவை கேட்டார். அம்மா சித்தியின் காலைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டோம்ட்டி, வந்துட்டோம்" என்றாள். டாக்டர் ஊசி போட்டபோது மணி பத்து நாற்பது. நான் கழித்துப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம். அவள் அதுவரை போன இடங்களில் அதுதான் தூரம்.

பதினோரு நாள் கழித்துக் கண் திறந்தாள். எங்களை அடையாளம் தெரிந்தது. பேசினாள், சிரித்தாள். அம்மா நேர்ந்துகொண்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணினாள். பிறகு சித்தி, "அவங்க ஊருக்குப் போயிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். போய்விட்டார்கள் என்றோம். பத்து நிமிஷம் கழித்து, "அவங்க ஊருக்குப் போயிட்டாங்களாக்கா?" என்றாள்.

மூளையில் இரண்டு பக்கமும், உள்ளே, கடல்குதிரை போல வளைந்த ஒரு சிறு பகுதி உண்டு. நடப்பதை நினைவாக மாற்றி வைப்பது அதன் வேலை. ஓயாத மின்சாரத்தில் முதலில் வாடுவதும் அதுதான். சித்திக்கு இரண்டு பக்கமும் போயிற்று. பழையது எல்லாம் இருக்கிறது. தையல் கையில் இருக்கிறது. அதற்கு மூளையில் வேறு இடம். புதிதாக எதுவும் தங்காது.

மாப்பிள்ளை வந்தார். அம்மா அவரிடம் காய்ச்சல் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்து நின்றபடி முழுவதும் படித்தார். பிறகு வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தெனமும் மாத்திரை சாப்பிடுதேன்னு சொல்லத்தான் வந்தாங்களா?"

நான் தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கம்மை ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை முழுங்குதா. மாசா மாசம் நான்தான் வாங்கிட்டு வாரேன்" என்றார். "இதையும் சேத்து வாங்கியிருப்பேன். அவ்வளவுதானம்மா."

பிறகும் ஒரு வருஷம் ஒவ்வொரு மாதமும் வந்தார். ஒவ்வொரு தடவையும் சித்தி புதிதாகப் பதறி உள்ளே ஓடித் தலைவாரிக்கொண்டு வருவாள். ஒரு நாள் தன் அம்மாவோடு வந்து, எங்கள் அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனார். பிறகு அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

அம்மாவை நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் இத்தனை வருஷமாகக் காலையும் சாயங்காலமும் அலாரம் வைத்து மாத்திரை கொடுக்கிறாள். ஒரு வேளை தப்பியதில்லை. தப்பியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு ஒழுங்காகக் கொடுக்கிறாள்.

போன மாதம் லீவில் மேலகரம் போயிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சித்தி ஜன்னலோரம் மெஷினில் இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்த பத்து வயது என்னை அவள் இன்னும் தேடுகிறாள். நாற்பதை நெருங்குகிற என்னை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிவதில்லை. கண்ணாடி போட்டிருப்பதால் டீச்சர் என்று நினைத்துக்கொள்கிறாள்.

"வாங்க டீச்சர், எப்ப வந்தீங்க? எங்க அக்கா மக பள்ளிக்கூடத்துல ஒழுங்கா இருக்காளா? வாட்சைக் கட்டிக்கிட்டுத் திரிவாளே."

"இருக்கா. நல்லாப் படிக்கா."

அம்மா அடுக்களையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சித்தி குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், நீங்க படிச்சவங்க. ஒரு யோசனை சொல்லுங்க. நான் மாப்ளைகிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னு தெரியல."

"மாத்திரை விஷயம்தான?"

திடுக்கிட்டாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கே தெரியும். சொல்லியாச்சு."

"யாரு? யாரு சொன்னா?"

"ஒங்க அக்கா மக. ஐந்தருவியில, நீங்க கை கழுவப் போனீங்கல்லா, அப்ப சொல்லிட்டா."

சித்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடி மூதி... அவர் என்ன சொன்னாரு?"

"எங்கம்மைக்கு மாசா மாசம் மாத்திரை வாங்குதேன், இதையும் சேத்து வாங்கிக்கிடுதேன், அவ்வளவுதானன்னு சொன்னாரு."

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. சேலை ஓரத்தால் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினில் குனிந்தாள். கால் வேகவேகமாக மிதித்தது. வளைவான ஒரு கழுத்தைப் பிசிறில்லாமல் தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்து, துணியை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பிறகு தலையைத் திருப்பினாள். ஜன்னலோரம் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வாங்க டீச்சர், எப்ப வந்தீங்க?" என்றாள்.

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் மறுபடியும் அந்த யோசனையைக் கேட்பதற்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன்.